தாய்ப்பாலுக்குத் தடை எது?

தாய்ப்பாலுக்கு ஈடான உணவு பச்சைக் குழந்தைக்கு வேறு இல்லை என்பதைத் தோட்டப்புறத்தில் அறியாதவர் எவருமில்லை. கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. தாதியர் எடுத்துச் சொல்கிறார்கள். 1992-ஆம் ஆண்டிலிருந்து ஆகஸ்டு முதல் வாரத்தை உலகத் தாய்ப்பால் வாரம் என்று கொண்டாடுகிறார்கள். இத்தனையையும் கேட்டுத் தலையசைத்து வீடு திரும்பும் தாய், பிள்ளைக்கு நான்கு மாதம் நிறைவதற்குள் கடைக்குப் போய்ப் பால்மாவு டின் வாங்குகிறாள். ஏன்? அவளுக்கு அறிவில்லையா? பிள்ளைமேல் பாசமில்லையா? சோம்பலா?

இம்மூன்றும் அல்ல என்று நாம் அடித்துச் சொல்வோம். விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டியவள் அவள். நிரை முழுவதும் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் வீடு திரும்பும்போது உச்சிப்பொழுது கடந்துவிடும். அந்த ஆறேழு மணி நேரம் பிள்ளை எங்கே, தாய் எங்கே? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், "தாய்மார்களே, தாய்ப்பால் கொடுங்கள்" என்று உபதேசம் செய்வது, கத்தியைப் பிடுங்கிக்கொண்டு மரம் வெட்டச் சொல்வதற்குச் சமம்.

ஆகவே, தாய்ப்பால் என்பது பெண்கள் அடுக்களையில் பேசிக்கொள்ளும் சங்கதி மட்டுமல்ல. அது வேலை நேரத்தைப் பற்றியது; சம்பளத்தைப் பற்றியது; ஆகையால் சங்கத்தைப் பற்றியது. இதை நம் ஆண் தோழர்களும் உணர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

குடிக்கக் குடிக்க ஊறும் பால்

வெட்டுக்காரர்களுக்குப் பாலைப் பற்றி நாம் பாடம் நடத்தத் தேவையில்லை. புதிதாகக் கத்தி வைத்த மரம் முதல் சில வெட்டுகளில் கொஞ்சமாகவே கொடுக்கும். வெட்டிப் பழகப் பழகத்தான் பால் கூடும். தாயின் மார்பும் அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சிறிதளவே சுரக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இவளுக்குப் பால் இல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு தவறு. பச்சைக் குழந்தையின் வயிறு சிறியது. அந்தச் சிறு அளவே அதற்குப் போதும். பிள்ளை சப்பச் சப்பப் பால் பெருகும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் மரத்துக்கும் தாய்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மரத்தை அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். அதற்கு இடையிடையே ஓய்வு வேண்டும். தாயின் பாலோ, எடுக்காமல் விட்டால்தான் வற்றும். ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அந்த வேளைக்குரிய சுரப்பு குறைகிறது. குறைந்ததைக் கண்டு இன்னொரு புட்டி கொடுக்கிறோம். சுரப்பு இன்னும் குறைகிறது. "எனக்குப் பால் நின்றுவிட்டது" என்று கண்கலங்கும் தாய்மார் பலருக்குப் பால் தானாக நிற்கவில்லை. புட்டி நிறுத்தியது. அந்தப் புட்டியைக் கையில் கொடுத்தது வேலை நேரம்.

பிரசவம் ஆனவுடன் மஞ்சளாகத் திரண்டு வரும் சீம்பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் பிள்ளையின் நாக்கில் தடவும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் செய்வதெல்லாம் அன்பினால்தான். ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி செறிந்திருப்பது அந்தச் சீம்பாலில்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேனையோ ஒரு வயது வரை கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்து உயிருக்கே ஆபத்தை உண்டாக்கும்.

முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்; தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தானே இருக்கிறது! ஆறு மாதத்துக்குப்பின் குழைந்த சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

பால்மாவு செய்கிறவர்கள் மாட்டுப்பாலைப் பக்குவப்படுத்தி, கொழுப்பு, விட்டமின், இரும்புச்சத்து ஆகியவற்றை அளவாகச் சேர்த்து டின்னில் அடைக்கிறார்கள். அதைக் குடித்தும் பிள்ளை வளரும், நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் லயத்தில் இந்த வாரம் பரவும் சளியும் வயிற்றுப்போக்கும் இன்னதென்று எங்கோ இருக்கும் தொழிற்சாலைக்குத் தெரியுமா? தாயின் உடம்புக்குத் தெரியும். அவள்மீது படும் கிருமிக்கு எதிராக அவள் உடம்பு உண்டாக்கும் சக்தி, பால்வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. இதை எந்தக் கம்பெனியாலும் டின்னில் அடைக்க முடியாது.

தாய்க்கும் இதில் நன்மை உண்டு. பிள்ளை பால் குடிக்கும்போது கருப்பை சுருங்கி இரத்தப்போக்கு குறைகிறது. மார்பகப் புற்றுநோயும் சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் குறைகிறது. 2016-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வந்த ஆய்வு, உலகமெங்கும் தாய்ப்பாலூட்டல் முறையாக நடைபெற்றால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் சாவையும், மார்பகப் புற்றுநோயால் நேரும் 20,000 தாய்மாரின் சாவையும் தவிர்க்கலாம் என்று கணக்கிட்டது. இவ்வளவுக்கும் தாய்ப்பாலுக்கு விலையில்லை, அடுப்பு வேண்டாம், கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டாம்.

டின் வந்த வழி

இந்நாட்டுக்கு டின்பால் எப்படி வந்தது? 1912-ஆம் ஆண்டில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி பினாங்கில் கால் வைத்தது. ரப்பருக்காக நம் முன்னோர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலமும் அதுதான். தாய் காட்டுக்குப் போக, பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்க, நடுவிலே இருந்த இடைவெளியில் டின் வந்து உட்கார்ந்தது.

அப்போது விற்ற இனிப்புக் கட்டிப்பால், குழந்தைக்கு ஏற்றதே அல்ல. சர்க்கரை மிகுதி. கொழுப்பு நீக்கிய பாலில் செய்ததாக இருந்தால் விட்டமின் குறைவு. அதை நம்பி வளர்ந்த பிள்ளைகள் நோஞ்சான்களாகி மடிந்தனர். இதைக் கண்டு கொதித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் சத்துக்குறைவு நோயை ஆராய்ந்து பேர் பெற்றவர், பிறகு மலாயாவுக்கு வந்து பணியாற்றியவர். 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், செல்வாக்குள்ள கனவான்கள் கூடியிருந்த சபையில், 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டுப் பேசினார். தகாத பாலைத் தக்கதென்று பிரசாரம் செய்து குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்கு ஒப்பாகும் என்பது அவர் வாதம். அந்தக் காலத்தில் அப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதே அம்மையாரை ஜப்பானியர் சாங்கி சிறைமுகாமில் அடைத்தனர். பசியும் நோயும் தாண்டவமாடிய அம்முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. "கஞ்சி குடிக்கிற தாய்க்குப் பால் எங்கே ஊறப்போகிறது?" என்று ஏளனம் பேசுவோருக்கு இது ஒன்றே தக்க பதில். தாய்க்குச் சத்துணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஏழைத் தாயின் பால் மட்டமானதல்ல என்பதே பொருள்.

போருக்குப் பின்னும் வியாபாரம் நிற்கவில்லை. தாதியர்போல் வெள்ளை உடுப்பு அணிந்த விற்பனைப் பெண்களைப் பல நாடுகளில் பிரசவ விடுதிகளுக்கே அனுப்பி, இலவச டின் கொடுக்கச் செய்தன கம்பெனிகள். இலவச டின் தீர்வதற்குள் தாயின் பால் வற்றிவிடும். அடுத்த டின்னைக் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்! இதை எதிர்த்து 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை, பால்மாவு விளம்பரத்துக்குக் கடிவாளம் போடும் அனைத்துலக விதிமுறையை 118 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்தது ஒரே நாடு, அமெரிக்கா. 1991-இல் தாய்ப்பாலுக்காகப் பாடுபடும் உலகக் கூட்டணி அமைந்தபோது அதன் தலைமை அலுவலகம் பினாங்கில்தான் அமைந்தது. கட்டிப்பால் வந்து இறங்கிய அதே பினாங்கு! நம் நாட்டில் 1979-இலேயே இதற்கென ஒரு நன்னெறிக் கோவை வகுத்தார்கள்; ஆயினும் அது கட்டாயச் சட்டமாக இல்லை.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தேத்தண்ணீருக்கு நாம் ஊற்றும் இனிப்புக் கிரீமர் டின்னில் பாலைவிடச் சர்க்கரையும் பாமாயிலும்தான் அதிகம். மாதக் கடைசியில் கை வறண்டாலும் அதைத் தண்ணீரில் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அது பாலே அன்று.

பன்னிரண்டு வாரக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கிராணி வேலை பார்க்கிறவர்களுக்குக் கணக்குத்தானே மொழி!

தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் ஆறு மாதம்; அதாவது 26 வாரம். நமது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நெடுங்காலம் 60 நாள் பிரசவ லீவு கொடுத்தது. 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அது 98 நாளாக உயர்ந்திருக்கிறது. இது தொழிலாளர் இயக்கம் விடாது கேட்டுப் பெற்ற நல்ல பயன். ஆனால் 98 நாள் என்பது 14 வாரம். 26-இல் 14 போனால் மிச்சம் 12 வாரம். பிரசவத்துக்கு முன்பே லீவு தொடங்கியவளுக்கு மிச்சம் இன்னும் கூடும். இந்தப் பன்னிரண்டு வாரமும் பிள்ளை என்ன குடிக்கும்?

வேலையிடத்தில் பாலூட்டவோ பால் எடுத்து வைக்கவோ இடைவேளை கொடு என்று நம் வேலைச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. உலகத்துக்கு இது புதிய சங்கதியா? அனைத்துலகத் தொழில் ஸ்தாபனம் 1919-ஆம் ஆண்டிலேயே, பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளைக்கு இரண்டு முறை அரை அரை மணி நேரம் விட வேண்டும் என்று வகுத்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே 1958-இல் செய்த உடன்பாட்டில், பாலூட்டுவதற்காக வேலையை நிறுத்திப் போகும் உரிமை தாய்க்கு உண்டு என்று எழுதியது. 2000-ஆம் ஆண்டு உடன்பாடு, அந்த இடைவேளையை வேலை நேரமாகவே கருதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது. இந்த உடன்பாட்டை மலேசியா இன்னும் ஏற்றுக் கையெழுத்திடவில்லை. இந்தியாவில் 1961-இல் இயற்றிய மகப்பேற்றுச் சட்டமே, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு இடைவேளை கொடுத்தது.

"வேலை நேரமாகக் கருதி" என்ற சொற்றொடரை வெட்டுக்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாலின் நிறைக்கு ஏற்பக் கூலி வாங்குகிறவளிடம், "போய்ப் பாலூட்டிவிட்டு வா" என்று அனுமதி மட்டும் கொடுத்தால் யாருக்கு லாபம்? அந்த அரை மணியில் அவள் எடுத்திருக்கக்கூடிய பால் அவள் கணக்கிலிருந்து போய்விடும். சம்பளமில்லாத இடைவேளை, தாயிடமே வசூலிக்கும் அபராதம். நம் செக்ரோலில் மரத்துப் பாலுக்கு ஒரு பத்தி உண்டு. ஒட்டுப்பாலுக்கு ஒரு பத்தி உண்டு. தாய்ப்பாலுக்குப் பத்தி இல்லை. அதைத்தான் கேட்கிறோம்.

டின்னின் கணக்கையும் பாருங்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆயிற்று. 26 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். விலை உயர்ந்த பால்மாவு டின் ஒன்று ஏறத்தாழ ஒரு நாள் உழைப்பையே விழுங்கிவிடும். டின் சீக்கிரம் தீரக் கூடாதென்று நாலு கரண்டி போட வேண்டிய இடத்தில் மூன்று கரண்டி போடுகிறார்கள். பிள்ளையின் வயிறு நிறைகிறது, உடம்பு நிறைவதில்லை. தாய் வேலைக்குப் போனதால் கிடைத்த சம்பளம், தாய் வேலைக்குப் போனதால் வாங்கிய டின்னுக்கே போகிறது. இதென்ன வாழ்வு?

ஆட்சேபங்களுக்குப் பதில்

"இதெல்லாம் நடக்கிற காரியமா? வேலை கெட்டுப்போகும்" என்பார்கள் நிர்வாகத்தினர். ஒரு தோட்டத்தில் ஒரே சமயத்தில் எத்தனை பெண்கள் கைக்குழந்தை வைத்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணலாம். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் தாய் இரண்டு நாள், மூன்று நாள் வேலைக்கு வரமாட்டாள். அவள் நிரை வெட்டாமல் கிடக்கும். தினம் ஒரு மணி நேரம் விடுவது நஷ்டமா, நிரை கிடப்பது நஷ்டமா? கணக்குத் தெரிந்தவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

"ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது, நம் பெண்கள் பலர் தோட்டத்தை விட்டே போய்விட்டார்களே" என்பார் சிலர். உண்மை. ஆனால் அவர்கள் எங்கே போனார்கள்? தொழிற்சாலைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள். அங்கேயும் மணி அடிக்கிறது; அங்கேயும் பிள்ளை வீட்டில்தான். இனம், மதம் பார்க்காமல் உழைக்கும் தாய் ஒவ்வொருத்திக்கும் உரிய கோரிக்கை இது.

"புட்டிப்பால் கொடுக்கும் தாயைக் குற்றவாளியாக்குகிறீர்களா?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். ஒருபோதும் இல்லை. தாயை இழந்த பிள்ளை உண்டு; தாய் கடுமையான மருந்து சாப்பிடும் நிலை உண்டு; டாக்டரே பால்மாவு கொடுக்கச் சொல்லும் நோய்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் கொடுக்கட்டும். தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, டின்னில் சொன்ன அளவு குறையாமல் கலந்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். நமது வழக்கு தாயோடு அல்ல; அவளுக்கு வேறு வழி வைக்காத ஏற்பாட்டோடுதான்.

செய்ய வேண்டியவை

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு முறை பாலூட்டிவிட்டு, மிச்சப் பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி மூடியுள்ள பாத்திரத்தில் வைக்கலாம். வெளியில் 4 மணி நேரம் கெடாது. நம் ஊர் வெக்கையில் அதற்குள்ளாகவே கொடுத்துவிடுவது நல்லது. குளிர்ப்பெட்டியில் 4 நாள் வரை இருக்கும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, புட்டிக்குப் பதிலாக நம் பழைய சங்காலோ பாலாடையாலோ ஆயா புகட்டலாம். காட்டிலிருந்து வந்ததும் கைகழுவி, சட்டை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

2023 முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கும் உரிமை தொழிலாளிக்குச் சட்டத்தில் இருக்கிறது. 60 நாளுக்குள் முதலாளி பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். எழுதத் தயங்கும் சகோதரிக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுப்பது தோட்டத்துக் கிராணிமார்களின் கடமை. பேனா நம் கையில் இருப்பது செக்ரோல் எழுத மட்டுமல்ல.

கணவன்மார்களுக்கும் வேலை உண்டு. அவள் பாலூட்டும் நேரத்தில் தண்ணீர் தூக்குங்கள், சோறு வடியுங்கள், மூத்த பிள்ளையைப் பாருங்கள். தந்தைக்கு இப்போது 7 நாள் லீவு உண்டு. அதைச் சீட்டாட்டத்தில் கழிக்காதீர்கள்.

சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே பின்வரும் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுகிறோம்:

1. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, தாய்க்கு நாள்தோறும் அரை மணி நேரம் வீதம் இரண்டு இடைவேளைகள். நிறைக்கூலி வாங்குவோர்க்கு அந்த நேரத்துக்குச் சராசரிக் கூலி.

2. பாலூட்டும் தாய்க்கு ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்து நிரை. தூரத்து நிரையைக் கொடுத்துவிட்டு இடைவேளை கொடுப்பதில் பயனில்லை.

3. ஆயாக் கொட்டகையில் சுத்தமான தண்ணீர், குளிர்ப்பெட்டி, தாய் உட்கார மறைவான ஓர் இடம்.

4. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் மருந்து அடிக்கும் வேலைக்கு அனுப்பக் கூடாது. பாராகுவாட் மருந்தை அரசாங்கம் 2020-இல் தடை செய்தது. மற்ற மருந்துகளும் பாலமிர்தமல்ல.

5. பிரசவ லீவு 26 வாரம். பால்மாவு விளம்பர நன்னெறிக் கோவை சட்டமாக வேண்டும்.

இவை பிச்சையாகக் கேட்பவையல்ல. நாட்டுக்கு நாளைய தொழிலாளியை வளர்த்துக் கொடுக்கிறவள் தாய். எட்டு மணி நேர வேலையும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும், பிரசவ லீவும் ஒரு காலத்தில் "நடக்காத காரியம்" என்றுதான் சொல்லப்பட்டன. ஒன்றுபட்டுக் கேட்டதால் நடந்தன. இதுவும் நடக்கும்.

மரத்துப் பாலை ஒரு சொட்டும் சிந்தாமல் சேகரிக்கக் கற்றவர்கள் நாம். தாயின் பால் வீணாவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமா? தோழர்களே, சகோதரிகளே, அடுத்த கூட்டத்துக்குத் திரண்டு வாருங்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டே வாருங்கள்!